நிழல் சாவி

மூஞ்சூறு ஒன்று யார் துணையும் இல்லாமல் கணினியில் ஒரு புதிர் விளையாட்டைச் செய்து வெளியிட்டது. விளக்குகளை அங்குமிங்கும் நகர்த்தி, கற்களின் நிழல்கள் சாவி வடிவத்தில் சேரும்படி செய்தால் கதவு திறக்கும். கடைசிக் கதவு என்றால் மூஞ்சூறுக்கு உயிர். அதை உருவாக்குவதற்காக ஒரு கோடை முழுக்க அது வெளியே தலைகாட்டவில்லை.

முயல்கள் விளையாடிப் பார்த்தன. "கடைசிக் கதவு திறக்கவே மாட்டேங்குது. இதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்று திட்டிவிட்டுப் போயின.

மூஞ்சூறு பயந்துபோய் அவசரமாக ஒரு அப்டேட் போட்டது. இனிமேல் யாராவது கடைசிக் கதவின் முன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் போதும், விளக்குகள் தாமாகவே நகர்ந்து கதவைத் திறந்துவிடும்.

முயல்கள் திரும்பி வரவில்லை. ஆமைதான் வந்தது.

"மழை தொடங்கினதிலேருந்து அந்தக் கதவோடதான் இருக்கேன் தம்பி," என்றது. "இன்னிக்குத்தான் பாதிச் சாவி தெரிஞ்சுது. மீதியை யோசிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அதுவா திறந்துக்கிச்சு."

மூஞ்சூறு பதறிப்போய்க் கேட்டது: "நீங்க விளையாடுறதே எனக்குத் தெரியாதுங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"எனக்குத்தான் ஒரு குறையும் இல்லையே. என்னன்னு வந்து சொல்றது?"

அன்றே மூஞ்சூறு அந்த அப்டேட்டை நீக்கிவிட்டு, ஆமையைக் கூப்பிட்டு விளையாட வைத்தது. ஆமை எங்கும் தயங்கவில்லை. விளக்குகளை ஒவ்வொன்றாக, அவை தாமாக நகர்ந்து நின்ற அதே இடத்துக்கு நகர்த்தியது. கதவு திறந்தது.

"நல்லாயிருக்கு தம்பி," என்றது, மூஞ்சூறின் முகத்தைப் பார்க்காமல்.