காலா, முடியா, காதா?

துறைமுகத்தில் ஓர் இங்கிலீஷ் குதிரையும் ஒரு ஸ்பானிஷ் செம்மறியும் பேசிக்கொள்ள, தமிழ்க் கிளி ஒன்று நடுவில் மொழிபெயர்த்தது.

"எங்க ஊர்ப் புல் கப்பல் உயரம் வளரும்" என்றது செம்மறி.

குதிரை சிரித்தது. "என் காலை இழுக்காதே!"

கிளி அப்படியே சொன்னது.

செம்மறி பதறியது. "நான் எங்கே அவர் காலைத் தொட்டேன்?"

கிளிக்கு உறைத்தது. "கேலி பண்ணாதேங்கிறார். உங்க பேச்சுல, என் முடியை எடுக்காதே."

"அப்படிச் சொல்லுங்க!" என்றது செம்மறி. கிளி அந்த முடிப் பேச்சைக் குதிரைக்கும் மொழிபெயர்த்தது.

"முடியை எடுப்பாங்களா? காட்டுமிராண்டிங்க!" என்றது குதிரை.

"காலை இழுக்கிறவர் பேசுறாரு!" என்றது செம்மறி.

சண்டை முற்றியது. இரண்டும் கிளியிடம் நியாயம் கேட்டன. "உங்க ஊர்ல எப்படி?"

கிளி நெஞ்சை நிமிர்த்தியது. "நாங்க அவ்வளவு முரடு இல்லைங்க. காது மட்டும் குத்துவோம்."

குதிரையும் செம்மறியும் காதை மடக்கிக்கொண்டு ஒன்றையொன்று ஒட்டி நின்றன.