எலியின் சாட்சி

"எலிக்கே புற்றுநோய் வந்திருக்கு. நாங்கள் என்ன கல்லோ?"

ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, காட்டோரக் கிராமம் ஒன்றின் பொதுநோக்கு மண்டபத்தில் ஏரம்பு முழங்கினார். கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் அவர். ஊருக்குள் போன் ரவர், அலைபேசிக் கோபுரம், வரப்போகிறது. விடக்கூடாது என்பது அவருடைய பிடி.

"ரவர் இல்லாட்டி, யானை வந்தால் ஆரைக் கூப்பிடுறது? ஊருக்குள்ள சிக்னலே இல்லையே" என்றார் ஒருவர்.

"யானை கண்ணுக்குத் தெரியும். கதிர்வீச்சு தெரியாது! அமெரிக்காவில ஆராய்ச்சி செய்திருக்கினம். போன் கதிர் பட்ட எலியளுக்கு இருதயத்தில கட்டியாம். பேஸ்புக்கில நானே வாசிச்சனான்."

கூட்டம் முணுமுணுத்தது. ஏரம்புவுக்கு உற்சாகம் ஏறியது.

"சரி, எலியை விடுங்கோ. இந்தா, எங்கட ஜெயரூபி இருக்கிறா."

முன்வரிசைக் கதிரையில் இருந்த ஜெயரூபி தலையைக் குனிந்தாள். கணவன் பிரசாந்தன் மூளையில் கட்டி வந்து இறந்து இன்னும் வருடம் திரும்பவில்லை.

"பிரசாந்தன் எந்த நேரமும் குளக்கட்டில ஏறி நிண்டு, போனைக் காதில வைச்சபடி கதைச்சவன். அந்தக் காதுப் பக்கம்தான் கட்டியும் வந்தது. இதைவிட என்ன சாட்சி வேணும்?"

"அண்ணை, ஒரு நிமிசம்."

பின்வரிசையிலிருந்து எழுந்தவள் தேனுகா. பள்ளிக்கூடத்து விஞ்ஞான ரீச்சர்.

"அந்த ஆராய்ச்சியை நானும் வாசிச்சனான். முழுசா வாசிச்சனான். ஒரு நாளைக்கு ஒன்பது மணித்தியாலம், உடம்பு முழுக்க, ரெண்டு வருசமா அந்த எலியளுக்குக் கதிர் குடுத்தவை. ஆண் எலியள் சிலதுக்குக் கட்டி வந்தது உண்மை. பெண் எலியளில தெளிவா ஒண்டுமில்லை. அதோட, கதிர் பட்ட ஆண் எலியள் மற்ற ஆண் எலியளைவிடக் கூடக் காலம் உயிரோட இருந்தது."

"அப்ப போன் கதைச்சால் ஆயுள் கூடுமோ?" யாரோ சிரித்தார்கள்.

"அப்பிடியும் சொல்லேலாது. எலியில கண்டதை அப்பிடியே மனிசருக்குப் பொருத்தேலாது எண்டுதான் சொல்லுறன். ஆபத்தே இல்லையெண்டு நான் சத்தியம் பண்ணேல்லை. ஆனால் பிரசாந்தன் அண்ணை போன் கதைச்சதாலதான் செத்தவர் எண்டதுக்கு ஆதாரம் ஒண்டுமில்லை. அதுக்கு எலியைச் சாட்சிக்குக் கூப்பிடாதேங்கோ."

சிரிப்பு நின்றுவிட்டது.

"மனிசனைப் பறிகுடுத்தவளுக்கு முன்னால கதைக்கிற கதையோ இது?" ஜெயரூபியின் அயல்வீட்டு விமலேஸ்வரி மாமி எழும்பியே விட்டார். "படிச்சால் நெஞ்சில ஈரமும் வத்திப்போகுமோ?"

"இருங்கோ ரீச்சர்!" "ரவர்காரர் அனுப்பின ஆளோ?" நாலு பக்கமும் குரல்கள்.

தேனுகாவின் முகம் கறுத்தது. ஆனாலும் உட்காரவில்லை.

"தெரிஞ்சதைத்தான் சொன்னனான், மாமி. நாளைக்குக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவன்."

ஜெயரூபி எழுந்தாள். கதிரைகளை விலக்கிக்கொண்டு நேரே தேனுகாவிடம் வந்தாள். அறைந்துவிடுவாளோ என்று மண்டபமே எட்டிப் பார்த்தது.

"ரீச்சர், அதை ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்கோ."

"எதை அக்கா?"

"கடைசியாச் சொன்னதை. அவரைப் பற்றி."

"போன் கதைச்சதாலதான் அவர் செத்தவர் எண்டதுக்கு ஆதாரம் இல்லை, அக்கா."

செத்த வீட்டன்று கூடக் கல்லாக இருந்தவள், தேனுகாவின் கைகளைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

"நான் குவைத்தில நிண்ட காலம் முழுக்க, போனை வை, வை எண்டு அவர் சொல்லச் சொல்ல, வைக்க விடாமல் மணிக்கணக்காக் கதைச்சது நான்தான் ரீச்சர். போன்தான் அவரைச் சாகடிச்சது எண்டு இந்தச் சனம் சொல்லுற நேரமெல்லாம், நான்தான் சாகடிச்சனான் எண்டு எனக்குக் கேட்டது."