கியர்பாக்ஸ் சூடு

கிளம்பி இரண்டு மணி நேரம் பதினேழு நிமிடம் ஆகியிருந்தது. அண்ணனிடமிருந்து நான்காவது அழைப்பு.

"இப்ப சூடு எவ்வளவும்மா?"

அவள் தனக்கு முன்னால் ஒட்டியிருந்த சின்னத் திரையைப் பார்த்தாள். கியர்பாக்ஸ் எண்ணெயின் சூட்டைக் காட்டும் கருவி. நேற்று அண்ணன்தான் அதைப் பொருத்தி, அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். மாப்பிள்ளை ரோட்டைப் பார்க்கட்டும், நீ இதைப் பாரு என்றார்.

"தொண்ணூத்திரெண்டுண்ணா."

நூற்றுப் பத்தைத் தாண்டினால்தான் கவலைப்பட வேண்டும். அதைச் சொன்னதும் அண்ணன்தான்.

பெரிய டயர் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது அவள் கணவன். ஆட்டோமேட்டிக் வண்டிக்கு இத்தனை பெரிய சக்கரம் மாட்டினால் கியர்பாக்ஸ் முக்கி முக்கி இழுக்கும், எண்ணெய் கொதிக்கும், நெடுஞ்சாலையில் நாலைந்து மணி நேரம் ஓட்டினால் நாக்குத் தள்ளிவிடும் என்று அண்ணன் தலைபாடாக அடித்துக்கொண்டார். கடைசியில் தங்கை முகத்துக்காகத் தன் பட்டறையில் தன் கையாலேயே மாட்டிக் கொடுத்தார்.

கூடவே ஒரு தாளில் எழுதியும் தந்தார். மேட்டில் மேல் கியருக்குப் போகவிடாதே. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்து. மீட்டர் எண்பது காட்டினால் உண்மையில் எண்பத்தெட்டு என்று வைத்துக்கொள்.

சொன்னபடி ஒன்றரை மணி நேரத்தில் ஒருமுறை நிறுத்தி, மகளுக்குப் பால் கொடுத்துவிட்டுத்தான் புறப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் இந்த அழைப்புகள் தொடங்கின.

"ஓரமா நிறுத்தச் சொல்லும்மா. கொஞ்சம் ஆறட்டும்."

"சூடு சரியாத்தானேண்ணா இருக்கு?"

"இருக்கட்டும். நிறுத்தச் சொல்லு. பிரேக் மட்டும் வேகமா அடிக்க வேணாம். நேர் ரோடாப் பார்த்து, காலை எடுத்துட்டு, வண்டி தானா ஓய்ஞ்சு நிக்கட்டும். கியர்பாக்ஸுக்கு அதான் நல்லது."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கணவன் சிரித்தான்.

"பெத்த புள்ளையைக்கூட மச்சான் இப்படி விசாரிச்சிருக்க மாட்டாரு. டயர் போட்டது பிடிக்கல, அதான் பூச்சாண்டி காட்டுறாரு. நாலு மணிக்குள்ள போய் கையெழுத்துப் போடலைன்னா இந்த வேலையும் போச்சு. வைக்கச் சொல்லு."

சொல்லிவிட்டு முன்னால் போன லாரியை முந்தினான். ஸ்டியரிங் அவன் கைக்குள் லேசாக நடுங்கியது. பெரிய டயர் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று காலையிலேயே சொல்லியிருந்தான்.

அவள் அழைப்பைத் துண்டிக்கவில்லை. ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

பின்னிருக்கையில் மகள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

பிரேக்குக்கும் கியர்பாக்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

அவளுக்கு வண்டியைப் பற்றி அதிகம் தெரியாது. அண்ணனைத் தெரியும். எதையும் ஒருமுறைதான் சொல்வார். கேட்டால் கேள், கேட்காவிட்டால் போ. அந்த மனிதர் முக்கால் மணி நேரத்தில் நாலு தடவை கூப்பிட்டு ஒரே விஷயத்தைச் சொல்கிறார். அதுவும் பூனை நடப்பதுபோல மெதுவான ஒரு குரலில்.

அந்தக் குரலை இதற்கு முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறாள். அப்பா விழுந்த அன்று. ஒண்ணுமில்லம்மா, நீ பதறாம கிளம்பி வா.

"இன்னும் போய்க்கிட்டுத்தான் இருக்கீங்களாம்மா?" என்றது காதில் அதே குரல்.

அவள் குடிநீர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள். ஒன்பது வருடங்களில் ஆய்வு அளவுகளில் ஒரு புள்ளியைக்கூட மாற்றி எழுதியதில்லை. அதற்காக மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

திரையைப் பார்த்தாள். தொண்ணூற்றிரண்டு.

"நூத்திப் பதினெட்டு," என்றாள்.

"என்னது?" என்றான் கணவன்.

"நூத்திப் பதினெட்டுங்க. ஏறிக்கிட்டே இருக்கு."

கணவன் எட்டிப் பார்க்க முயன்றான். அவள் உள்ளங்கையால் திரையை மூடிக்கொண்டாள்.

"ரோட்டைப் பாருங்க. காலை எடுங்க. பிரேக் அடிச்சா எண்ணெய் பொங்கிடும்."

எண்ணெய் பொங்குமா என்று அவளுக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியவில்லை. முகம் வெளிறிப்போய்க் காலை எடுத்துவிட்டான்.

எண்பது. அறுபத்தைந்து. ஐம்பது. பின்னால் வந்த பேருந்து ஒலி எழுப்பிக்கொண்டே விலகிப் போனது. வேகம் குறையக் குறைய நடுக்கம் கூடியது. முப்பதில், அவள் காலுக்குக் கீழே ஏதோ டொக் டொக் என்று தட்டியது.

சரளைக் கல்லில் கரகரவென்று உரசி, வண்டி தானாக நின்றது.

"நல்ல நாள் பார்த்து ஏறுது பாரு சூடு," என்று கதவை அறைந்து சாத்திவிட்டு, கணவன் பானெட்டைத் திறக்கப் போனான்.

மகள் புரண்டு படுத்தாள்.

"நின்னுட்டோம்ணா," என்றாள் அவள்.

அந்தப் பக்கம் அண்ணன் தரையில் உட்காருவது மட்டும் கேட்டது.

"முழுசா நின்னாச்சா?"

"நின்னாச்சு. என்னண்ணா?"

"ஓடுற வண்டியில சொன்னா மாப்பிள்ளை பதறி பிரேக்ல ஏறி நிப்பாரு. அதான்மா சொல்லல." தொண்டையைச் செருமிக்கொண்டார். "மூணு சக்கரத்துக்கு நட்டு டைட் வச்சது நல்லா ஞாபகம் இருக்கு. நாலாவதுக்குக் கையால ஏத்தி விட்டுட்டு இருந்தேன். டைட் வைக்கிறதுக்குள்ள நீ சாப்பிடக் கூப்பிட்ட. எழுந்து வந்துட்டேன்."

"எதுண்ணா?"

"முன்னாடிதும்மா. நீ உக்காந்திருக்க பக்கம்."