லிட்டருக்குப் பன்னிரண்டு

"லிட்டருக்குப் பத்து கிலோமீட்டருக்குக் கீழ ஓடுச்சுன்னா, இந்தப் பிக்கப்ப வித்துடுவேன்," என்றாள் என் மனைவி பத்மாவதி.

தைப்பூசத்துக்குச் சுங்கை பாக்காப்பிலிருந்து தண்ணீர்மலைக் கோயிலுக்குத் தேங்காய் ஏற்றிவர, பின் அச்சில் பாரம் இழுக்கும் புது கியரைப் போட்டிருந்தேன்.

"நல்லா இழுக்கும் அங்கிள். ஆனா டீசல் அதிகமா குடிக்கும்லா," என்று எச்சரித்தார் மாக் மண்டினில் பட்டறை வைத்திருக்கும் சேகரன்.

எழுநூறு தேங்காயோடு வந்து மீட்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். லிட்டருக்குப் பன்னிரண்டு! பழைய கியரில் காலி வண்டிக்கே பத்துதான்.

பத்மாவதி விற்கும் பேச்சை விட்டுவிட்டாள். பாரம் ஏற ஏற டீசல் மிச்சமாகும் என்று மூன்று நாள் காப்பிக் கடையில் விரிவுரை ஆற்றினேன். அதை நம்பி இரண்டு பேர் தங்கள் வண்டியில் செங்கல் ஏற்றிக்கொண்டு திரிந்தார்கள்.

நான்காம் நாள் பத்மாவதியையும் அழைத்துக்கொண்டு, சேகரனிடம் பெருமையடிக்கப் போனேன்.

"சுங்கை பாக்காப் எவ்ளோ தூரம் அங்கிள்?"

"மீட்டர்ல நாப்பத்தஞ்சு."

"முப்பத்தஞ்சுதானே? இந்த மீட்டர் சக்கரத்த எண்ணாது. அச்சுக்குப் போற தண்டு சுத்துறதத்தான் எண்ணும். புது கியர்ல தண்டு அதிகமா சுத்தும், மீட்டரும் தூரத்தக் கூட்டிக் காட்டும். நெசமா ஓடினது லிட்டருக்கு ஒம்பதுதான்."

நான் வண்டியில் சாய்ந்து நின்றேன். பத்மாவதி கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கத் தயாரானாள். நான் சட்டையைச் சரிசெய்துகொண்டு சிரித்தேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள். "வண்டிய மட்டும்தான் விக்கிறேன்."