ஏழாவது பென்குயின்

"மறுபடியும் பென்குயினா, டீச்சர்?" பெரியவர் தூரிகையைக் கீழே வைத்தார். அவரோடு ஆரம்ப ஓவிய வகுப்பில் சேர்ந்தவர்கள் எல்லாரும் கழுகு வரையப் போய்விட்டார்கள்.

"வயிறு சரியா வரலையே, சார். வெள்ளையில கறுப்பு கலந்துடுச்சு."

"இது ஏழாவதும்மா! ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. தாத்தா படத்தைப் பாக்கணும்னு பேத்தி ஒத்தக்கால்ல நிக்கிறா. நல்லாத்தானே இருக்கு?"

நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் இருந்தவர்கூட எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

ஆசிரியை சிவப்புப் பேனாவை எடுத்து, படத்தின் மூலையில் நிதானமாக எழுதினாள்: 'பறக்கத் தகுதியில்லை. வீட்டோடு இருப்பதே நல்லது.'

பெரியவர் படத்தைக் கிட்டே இழுத்து மறுபடி படித்தார். விமானி பயிற்சிப் பள்ளியில் தேர்வு அதிகாரியாக இருந்த காலத்தில், பெண்களின் தாள்களில் அவர் கைப்பட எழுதிய வாசகம் அது. ஒரு எழுத்துகூட மாறவில்லை.

"நீயா... நீங்க...?"

"மூணு தடவை தேர்வுக்கு வந்தேன், சார். மூணு தடவையும் நல்லாத்தான் ஓட்டினேன்."

படத்தை நாலாக மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை பேத்தியைக் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க. தாத்தா படம் ஏன் சுவத்துல இல்லைன்னு நானே சொல்றேன்."