முப்பத்தொன்பதாவது நாள்

எண்ணெய் ஊறிய மண்ணைத் தின்று சுத்தமாக்கத்தான் மணலியில் அந்தக் காளானை விதைத்திருந்தார்கள். எண்ணெய் சொட்டிய இடத்திலெல்லாம் அது முளைக்கும்; தொடர்ந்து நாற்பது நாள் காளான் முளைக்காத மனையில்தான் வீடு கட்டலாம். குணசுந்தரிக்கு அன்று முப்பத்தொன்பதாவது நாள். மேஸ்திரிக்கு வெற்றிலை பாக்கே வைத்துவிட்டாள்.

காலையில் மனைக்குப் போனால், கேட்டிலிருந்து கோலப்புள்ளி வைத்ததுபோல வரிசையாகக் காளான். வரிசையைப் பிடித்துக்கொண்டே நடந்து, மூலையில் கிடந்த தார்ப்பாயைத் தூக்கினாள். விற்றாயிற்று என்று கணவன் தேவராசு கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்த பழைய பெட்ரோல் பைக், சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டு நின்றது.

"இன்னாய்யா இது?" என்று பின்னாலேயே வந்த தேவராசுவைக் கேட்டாள்.

"ஓட்டலம்மே. முந்தாநேத்துதான் தள்ளிக்கினு வந்தேன். ஒரே ஒரு தபா ஸ்டார்ட் பண்ணி சத்தம் கேட்டேன், அவ்ளோதான்."

"இனிமே மறுபடியும் ஒண்ணுலேர்ந்து எண்ணணும்! சாயங்காலத்துக்குள்ள இது இங்க இருக்கக்கூடாது."

சாயங்காலம் தேவராசு கையை வீசிக்கொண்டு வந்தான். "காயலாங்கடையில போட்டுட்டேன். சத்தியமா."

இரண்டு நாள் கழித்துக் குணசுந்தரி மனைப் பக்கம் போனாள். வாசலில் தொடங்கிய புதுக் காளான் வரிசை, காயலாங்கடைப் பக்கமே திரும்பாமல், நேராக நாத்தனார் வீட்டுக் கொல்லைக்குப் போயிருந்தது. அவள் கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு, சாட்சிகளில் ஒன்றையும் மிதிக்காமல் நடந்தாள்.