பூஜ்ஜியம் வாங்கிய மனிதர்

"கடைசிப் பத்து வருஷத்துல உங்க மனசை வாட்டி எடுத்த கவலை ஏதாவது உண்டா ஐயா?"

"கவலையா? அது எந்தக் கடையிலம்மா விக்குது?"

கேள்வித்தாள் வைத்திருந்த பெண் சிரித்துவிட்டாள். மருந்து ஏற்றும் அறைக்குள் மதிய வெயில் வெள்ளைத் திரை வழியே வடிந்து இறங்கிக்கொண்டிருந்தது. வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் ஒருவர் அரைத் தூக்கத்தில். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நிற்பவருக்கே கண் சொக்கும்.

கழுத்தில் நெறி கட்டி, நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்து வந்தவர்களிடம் இருபது கேள்வி கேட்பது அவள் வேலை. ஓயாத மனக்கவலைக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் உண்டா என்று ஓர் ஆராய்ச்சி. 'ஆமாம்' என்றால் ஒரு மார்க். கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்பது விதி.

இந்த ஆஸ்பத்திரிக்கு அவள் வருவது இதுதான் முதல் முறை. "அம்மாவைக் கொஞ்சம் வெளியில உட்காரச் சொல்லட்டுமா?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"அவ இருந்துட்டுப் போறா. என் குரல் கேட்கலைன்னா அவளுக்குப் பொழுதே போகாது" என்றார் மனிதர்.

கழுத்து வரை சால்வை போர்த்தி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூச்சக்காரி போலிருக்கிறது என்று அவளும் விட்டுவிட்டாள்.

அவளுக்கு இது வெறும் வேலை அல்ல. அப்பா இதே நோயில்தான் போனார், வீட்டாரை எதிர்த்து அவள் கல்யாணம் செய்துகொண்ட மூன்றாம் வருஷம். "உன்னை நெனச்சு நெனச்சேதான் அவனுக்கு இது வந்துச்சு" என்று அத்தை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அந்தப் பேச்சு இன்றைக்கும் முள்ளாகக் குத்துகிறது. ஆராய்ச்சி நடத்தும் பெரிய டாக்டரிடம் ஒரு நாள் கேட்டே விட்டாள்.

"ஓயாத கவலை உடம்பைக் கெடுக்கும், அது சரி. ஆனா இந்த நோயை அதுதான் கொண்டுவருதுன்னு இன்னும் யாரும் நிரூபிக்கலை. ஒரு தாளை வச்சுக்கிட்டு நீயா முடிவு கட்டாதே" என்றார் அவர்.

கட்டாமல் இருக்க முடியுமா? கவலையே இல்லாத ஒருவருக்கும் இது வரும் என்று சொல்ல ஒரே ஒரு பூஜ்ஜியத் தாள் கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்தாள். நானூறு தாளில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

"தூக்கம் கெட்டதுண்டா?"

"தலைமாட்டுல இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டேன்."

"வேலை போனது?"

"போகலை, நானே விட்டேன். இருபத்திரண்டு வருஷம் ரயில் ஓட்டினது போதாதா? வீட்டுல இவகூட உட்கார்ந்து அரட்டை அடிக்க வேணாமா?"

"வீட்டுல சண்டை சச்சரவு?"

"ஒன்பது வருஷமா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்லை. இப்படி ஒருத்தி எவனுக்கும்மா கிடைப்பா?"

"நெருங்கினவங்க யாராவது நீண்ட நாளாப் படுக்கையில?"

"சேச்சே! அப்படி யாரும் இல்லை." சற்றுச் சத்தமாகவே சொன்னார்.

மருந்தின் மயக்கத்தில் அவர் குரல் மெல்ல இழுத்தது. "சாயங்காலமானா நாங்க ரெண்டு பேரும் ரயில்ல கிளம்பிடுவோம், கண்ணை மூடிக்கிட்டு. நான் ஒவ்வொரு ஸ்டேஷனாச் சொல்லிக்கிட்டே வருவேன். அவ கேட்டுக்கிட்டே வருவா. நேத்து பனிமலை வரைக்கும் போயிட்டு வந்தோம். டிக்கெட்டே எடுக்கலை."

கேட்கக் கேட்க, கேள்வி கேட்டவளின் கண்ணுக்குள்ளும் அந்த ரயில் ஓடியது. ஜன்னலோரம் அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை. பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

இருபதாவது கேள்வியும் முடிந்தது. கூட்டிப் பார்த்தாள். பூஜ்ஜியம்! நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. முதல் வேலையாக அத்தைக்குப் போன் போட வேண்டும்.

"அம்மாடி, கொஞ்சம் நில்லு."

மருந்து பாட்டில் தொங்கும் சக்கரக் கம்பியைத் தள்ளிக்கொண்டு அவர் மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தார். அறைக் கதவைக் கவனமாகச் சாத்தினார்.

"அந்தத் தாளை அடிச்சிட்டு வேற எழுதும்மா. அத்தனையும் பொய். நான் நல்லாத் தூங்கி வருஷக் கணக்காச்சு. வேலையும் வேற வழியில்லாம விட்டதுதான். நெருங்கினவங்க படுக்கையிலன்னு கேட்டியே, அங்க ஆமான்னு போடு. ஆராய்ச்சிக்குப் போய்ப் பொய் சொல்லக் கூடாது."

கைக்கு வந்தது இப்படி நழுவிவிட்டதே என்று அவளுக்கு அழுகையே வந்தது. அப்பாவிடம் கேட்க முடியாமல் போனதை இவரிடம் கேட்டாள்.

"அந்தக் கவலையிலதான் உங்களுக்கு இது வந்துச்சுன்னு நெனக்கிறீங்களா?"

"நானா? டாக்டருக்கே தெரியாதது எனக்கா தெரியப்போகுது? ஒரு நாளும் அப்படி நெனச்சதில்லை. பாசம் வச்சவங்க மேல பழி போட எந்த நோயாளிக்கும்மா மனசு வரும்? கூட இருக்கிறவங்கதான் தன்னாலதான் வந்துச்சோன்னு மனசைப் போட்டுக் குழப்பிக்குவாங்க."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. புதுத் தாளை எடுத்தாள்.

"இதை உள்ளேயே சொல்லியிருக்கலாமே ஐயா?"

அவர் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒன்பது வருஷமா அவளுக்குக் கை வராது, கால் வராது, பேச்சும் வராது. காது மட்டும் நல்லாக் கேட்கும்மா."